மேட்டில் நின்றுவிடும் பழைய டீசல் ஜீப்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு 19 வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். கேரளாவில் ஏறத் தொடங்கி, மேலே போய்ச் சேரும்போது தேனி மாவட்டத்தில் நிற்போம். மலை தமிழ்நாட்டில் இருந்தாலும் வண்டி போகும் பாதை கேரளப் பக்கம்தான். தூரம் சுமார் 12 கிலோமீட்டர், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பகுதி கல்லும் குழியும். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால், இருட்டில் முதல் கியரிலேயே ஊர்ந்து போக வேண்டும். அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் பின்னால் வரும் பத்து ஜீப்பும் நிற்கும்.

என் வண்டி 1994 மாடல் டீசல் ஜீப். சில வருடங்களுக்கு முன்னால் அது இரண்டு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பூப்பாறைக்குப் போனால் ஓடும், போடிமெட்டில் இறங்கினால் ஓடும். கொழுக்குமலை ஏற்றத்தில் மட்டும் இருமி இருமி நின்றுவிடும். டீசல் பில்டர் மாற்றினேன். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்ப் மாற்றினேன். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் நான்கையும் கழற்றி சர்வீஸ் செய்தேன். 14,000 ரூபாய் போனது, வண்டி அதே மேட்டில் மறுபடியும் நின்றது. கடைசியில் பூப்பாறையில் வயதான மெக்கானிக் சேட்டன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைத் திறக்கவில்லை. "எங்ஙனயா ஓஃப் ஆயது?" என்று கேட்டார். எப்படி நின்றது என்று கேட்கிறார். நான் என்னென்ன மாற்றினேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டார். பட்டென்று நின்றதா, இருமி நின்றதா? டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது? நின்ற பிறகு செல்ப் அடித்தபோது சைலன்சரில் புகை வந்ததா?

மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட நான் சைலன்சரைப் பார்த்ததில்லை.

அன்று கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது கம்ப்யூட்டர் இல்லாத, மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் வண்டிகளுக்கு. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் புதிய காமன் ரெயில் டீசல் வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது. அதன் உயர் அழுத்தப் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கவே (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றவே) கூடாது.

முதலில் வண்டியை நிறுத்துங்கள்

ஏற்றத்தில் எஞ்சின் நின்றால், காரணம் தேடுவது அப்புறம். பிரேக்குக்கு வேக்கம் பூஸ்டர் உள்ள வண்டியில், எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் பெடல் லேசாக இருக்கும். பிறகு கல் மாதிரி ஆகிவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கைபிரேக்கை இழுங்கள், கியரில் போடுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் இறங்கிப் பின் சக்கரம் இரண்டுக்கும் கல் முட்டுக் கொடுக்கட்டும். பயணிகளை மலைப் பக்கமாக இறக்குங்கள். பள்ளத்துப் பக்கம் ஒருவரும் நிற்க வேண்டாம்.

கல் வைக்காமல் ஸ்பெஷல் கியர் லிவரை, அதாவது நாலு வீல் டிரைவில் ஹை, லோ மாற்றும் லிவரை, தொடாதீர்கள். ஹையிலிருந்து லோவுக்கு மாற்றும்போது நடுவில் ஒரு நியூட்ரல் வரும். அந்த நொடியில் எஞ்சினும் கியரும் வண்டியைப் பிடிக்காது.

எஞ்சினில் கோளாறு இல்லை, கியர் தப்பி இழுவை போதாமல் நின்றது என்று உறுதியாகத் தெரிந்தால் கிளட்சை மிதித்துக்கொண்டு பின்னால் உருளாதீர்கள். நாலு வீல் லோவில் இருக்கும்போதே ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுக்க விட்டுவிட்டு, பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் கியரே வண்டியைப் பிடித்து நிற்கும். அப்படியே கிளட்ச் மிதிக்காமல் செல்ப் அடித்தால் எஞ்சின் பிடித்து, வண்டி தானே மெதுவாகப் பின்னால் இறங்கும். எங்கள் பாதையில் புதிதாக ஓட்ட வரும் பையன்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

எப்படி நின்றது?

பட்டென்று, சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி நின்றதென்றால், டீசல் குறைவாக இருக்க வாய்ப்பு குறைவு. டீசல் தீர்ந்து நிற்கும் எஞ்சின் கொஞ்சம் தள்ளாடிவிட்டுத்தான் நிற்கும். பட்டென்று நின்றால், டீசலை அடைத்து எஞ்சினை அணைக்கும் ஸ்டாப்பரைப் பாருங்கள். பழைய வண்டிகளில் இது இரண்டு வகை. ஒன்று டேஷ்போர்டில் இழுக்கும் ஸ்டாப் கேபிள். குழியில் இறங்கி பாடி முறுக்கும்போது கேபிள் இழுபட்டு, நாசிலுக்கு டீசல் அனுப்பும் பெரிய பம்பின் லிவர் பாதி அணைந்த நிலைக்குப் போகலாம். லிவரை விரலால் தள்ளிப் பாருங்கள், ஓடும் நிலையில் கடைசி வரை போய் முட்ட வேண்டும். இன்னொன்று பம்ப் மேலேயே இருக்கும் சாலினாய்டு. சாவி போட்டால் அதற்கு 12 வோல்ட் வந்து டீசல் வழி திறக்கும், கரண்ட் போனால் அடைத்துவிடும். ஒரு ஆளைச் சாவியைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, காதை அருகில் வையுங்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் டெஸ்ட் லேம்ப்பை அந்த ஒயரில் வைத்துப் பாருங்கள். லேம்ப் எரிந்தும் சத்தம் இல்லையா, சாலினாய்டு போய்விட்டது. லேம்ப்பே எரியவில்லையா, பியூஸ், இக்னிஷன் சுவிட்ச், ஒயர் மூன்றில் ஒன்று. அவசரத்துக்கு அந்தப் பழைய ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து பியூஸ் வைத்த தனி ஒயர் ஒன்றை சாலினாய்டுக்குக் கொடுத்தால் வீடு வந்து சேரலாம். ஆனால் சாவியால் எஞ்சினை அணைக்க முடியாது, ஒயரைப் பிடுங்கித்தான் அணைக்க வேண்டும் என்பதை வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

இருமி, இழுவை குறைந்து, ஆக்சிலேட்டரை மிதித்தாலும் ஏறாமல், சில சமயம் மீண்டும் பிடித்து, பிறகு நின்றதென்றால் டீசல் சரியாக வரவில்லை. அல்லது டீசலோடு காற்றும் சேர்ந்து வருகிறது. மலையில் நிற்கும் பழைய டீசல் வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். அதைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், அதாவது 15 நிமிடம் ஓடி நின்று, கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடினால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால், மூடியின் காற்றுத் துளை சேற்றால் அடைத்திருக்கிறது. டீசல் வெளியே போன இடத்துக்குக் காற்று உள்ளே வர வழியில்லாமல் டேங்க் இழுத்துப் பிடிக்கிறது. மூடி சரியாக இருந்தும் இதே கதை என்றால் டேங்குக்குள் டீசல் உறிஞ்சும் குழாயின் வலையைச் சந்தேகப்படுங்கள். அடியில் கிடக்கும் கசடு, குலுக்கலில் கிளம்பி அந்த வலையில் போய் ஒட்டும். எஞ்சின் நின்றதும் இழுப்பு இல்லாமல் மெல்ல விலகும்.

கரும்புகை கக்கிவிட்டு நின்றால் காற்று போதவில்லை, அல்லது கியருக்கு மீறிய சுமை. ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் பாத் பில்டர் என்றால் ஆயில், குறியிட்ட கோட்டுக்கு மேல் இருக்கவே கூடாது. செங்குத்தாகச் சாயும்போது அந்த ஆயிலை எஞ்சின் உறிஞ்சிவிட்டால் அதையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறி பிடித்த மாதிரி ஓடும். அப்படி ஓடினால் பெரிய கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டு எஞ்சினை நிறுத்துங்கள்.

சூடேறி, எஞ்சின் இறுகி, சுற்ற மறுத்து நின்றால் செல்ப் அடிக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியையும் உடனே திறக்காதீர்கள். அது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல, ஜீப்பை இழுத்துக்கொண்டு போக வேண்டிய விஷயம்.

செல்ப் அடித்து சைலன்சரைப் பாருங்கள்

ஒருவர் செல்ப் அடிக்க, இன்னொருவர் பின்னால் பக்கவாட்டில் நின்று சைலன்சரைப் பார்க்க வேண்டும். விடியற்காலை என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, புகை துளிகூட இல்லை என்றால் நாசில் வரை டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, சரியாக எரியவில்லை. காற்றோ தண்ணீரோ கலந்திருக்கலாம், சூடு போதாமலும் இருக்கலாம். இந்த ஒரு பார்வை பாதி வேலையை மிச்சப்படுத்தும். நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ப் அடிக்க வேண்டாம். நடுவே ஒரு நிமிடமாவது விடுங்கள். பேட்டரியும் செல்ப் மோட்டாரும் மலையில் கிடைக்காது.

காற்று எங்கே நுழைகிறது

டேங்கிலிருந்து பீட் பம்ப் வரையுள்ள பைப் டீசலை உறிஞ்சும் பக்கம். பீட் பம்பிலிருந்து பில்டர் வழியாகப் பெரிய பம்ப் வரை தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். எல்லாம் காய்ந்து சுத்தமாகத் தெரியும். என்னை இரண்டு மாதம் ஏமாற்றியது இதுதான். (சில ரோட்டரி பம்ப் வண்டிகளில் தனியாகப் பீட் பம்ப் இருக்காது. பெரிய பம்பே இழுக்கும். அங்கே டேங்கிலிருந்து பம்ப் வரை எல்லாமே உறிஞ்சும் பக்கம், பில்டரும் சேர்த்து.)

சமவெளியில் ஓடிவிட்டு மேட்டில் மட்டும் ஏன் நிற்கிறது? டேங்க் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. 2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி 20 டிகிரி மூக்கைத் தூக்கினால், டேங்க் எஞ்சினைவிட இன்னும் சுமார் 70 சென்டிமீட்டர் கீழே போய்விடும். பம்ப் அவ்வளவு கூடுதலாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் இழுப்பு கூடினால், சமவெளியில் பொருட்படுத்தாத ஒரு மயிரிழை விரிசல்கூட காற்றை இழுக்கும். அதோடு டீசல் டேங்கின் பின் மூலையில் போய்த் தங்கும். கால் டேங்க்தான் இருக்கிறதென்றால் உறிஞ்சும் குழாயின் வாய் சில நொடி காற்றில் நிற்கும். டேங்கில் எவ்வளவு இருந்தது என்று சேட்டன் கேட்டது அதனால்தான். கால் டேங்குக்குக் கீழே மட்டும் நின்றால், 10 லிட்டர் ஊற்றி அதே மேட்டில் ஏற்றிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் மலைக்கு வரும்போது அரை டேங்குக்குக் குறையாமல் வாருங்கள், வேலை முடிந்தது. அரை டேங்கிலும் நின்றால் தொடர்ந்து படியுங்கள்.

சேட்டன் செய்த சோதனை இது. 5 லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல். அதை பீட் பம்பைவிட உயரமான இடத்தில், சூடான சைலன்சர் பைப்பிலிருந்து விலக்கி இறுகக் கட்டினார். டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, கேனிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேராக பீட் பம்புக்குக் கொடுத்தார். மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டன் பைப்பையும் கேனுக்குள்ளேயே விட்டார். காற்றை எடுத்துவிட்டு, சின்னக்கானல் பக்கத்தில் ஒரு மேட்டில் மெதுவாக ஏற்றச் சொன்னார். வண்டி ஒரு இருமல் இல்லாமல் ஏறியது. அப்படியென்றால் பில்டர், பெரிய பம்ப், நாசில் எல்லாம் நல்லது, பீட் பம்பும் புதிதாகப் போட்டதுதான். குற்றம் டேங்கிலிருந்து பீட் பம்ப் வரைதான். நான் செலவழித்த அத்தனையும் குற்றம் இல்லாத பாதிக்கு. கேன் வைத்தும் நின்றிருந்தால் குற்றம் அந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். (கேனோடு ஓட்டுவது சோதனைக்கு மட்டும். மூடி, கட்டு எல்லாம் இறுக்கமாக இருக்க வேண்டும், ஓட்டுகிறவரைத் தவிர வண்டியில் ஆள் இருக்கக் கூடாது.)

அதற்குப் பிறகு பீட் பம்ப் வாயில் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸ் ஒன்றைப் போட்டார். எஞ்சினை ஓடவிட்டு, நான் மட்காட் பக்கம் உட்கார்ந்து டார்ச்சால் பார்த்தேன். சமதளத்தில் எப்போதாவது ஒரு குமிழி. மூக்கைத் தூக்கி நிறுத்தியதும் சோடா பாட்டில் திறந்த மாதிரி வரிசையாகக் குமிழி. பிறகு டேங்கிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கையால் அசைத்துப் பார்த்தோம். சேசிஸில் கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில், ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு விரிசல். 60 ரூபாய் ஹோஸ்.

தேடும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்: கிளாம்புக்கு அடியில் ஹோஸ், இரும்புப் பைப் சேசிஸைத் தொட்டுத் துருப்பிடித்த இடம், ஹோஸ் கிளிப்கள், பீட் பம்பில் பைப்பை இணைக்கும் துளையுள்ள போல்ட்டின் (பேஞ்சோ போல்ட்) வாஷர்கள், முன் பில்டர் இருந்தால் அதன் கிண்ணத்தின் ரப்பர், டீசலைக் கையால் அடித்து ஏற்றும் கை பம்பின் அடிப்பகுதி. கை பம்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதன் பிஸ்டன் சீல் தேய்ந்தால் அங்கிருந்தே காற்றை உள்ளே இழுக்கும். செம்பு வாஷரைத் திரும்பப் போடுவதாக இருந்தால் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு எடுங்கள், மிருதுவாகி மீண்டும் பிடிக்கும். புது வாஷர் கையில் இருந்தால் புதிதையே போடுங்கள்.

கருவி எதுவும் இல்லாத நேரத்தில் ஒரு வழி. இரவு வண்டியை, டேங்க் பக்கம் மேலாகவும் மூக்கு கீழாகவும் நிறுத்திவிட்டு, பைப் போகும் வழியெல்லாம் பழைய செய்தித்தாளைக் கட்டி வையுங்கள். காலையில் எந்தத் தாள் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். இழுப்பு இல்லாதபோது டீசலே தன் எடையால் அந்த ஓட்டை வழியாகக் கசியும்.

காற்றை எடுப்பது

முதலில் பில்டர் மேலுள்ள ஏர் ஸ்குருவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். நுரையாக வரும், குமிழியாக வரும், பிறகு கம்பி மாதிரி டீசல் வரும். அடித்துக்கொண்டே இறுக்குங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு இறுக்கினால் மறுபடி காற்று புகும். அப்புறம் பெரிய பம்பில் உள்ள ஏர் ஸ்குரு, அதே முறை. பெரும்பாலும் இதிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகவில்லை என்றால் நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ப் அடித்து, டீசல் துப்பியதும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். அந்த நேரத்தில் விரலை அங்கே வைக்காதீர்கள். நாசில் 100 பாருக்கு மேலான அழுத்தத்தில் திறக்கிறது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் கையையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டால் வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காற்று எடுத்து ஓடிய வண்டி அடுத்த மேட்டிலேயே மறுபடி நின்றால், திரும்பத் திரும்பக் காற்று எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். அது நுழையும் வழி இன்னும் திறந்திருக்கிறது.

தண்ணீர்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் மழையும் மூடுபனியும். பாதி காலியான டேங்கில் ராத்திரிக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீராகச் சேரும். கேனில் வாங்கிய டீசலிலும் வரும். பில்டரின் அடி ஸ்குருவைத் திறந்து, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் கோடு போட்ட மாதிரி தனியாக நிற்கும். இருந்தால் டீசல் மட்டும் வரும் வரை வடித்துவிடுங்கள், ஊருக்கு வந்ததும் டேங்கையும் கழுவுங்கள். தண்ணீரோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பம்பும் நாசிலும் போகும். அந்தச் செலவு ஹோஸ் செலவு அல்ல.

பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாய்ந்தால் நின்று, நேரானால் ஓடினால் கார்ப்பரேட்டரின் மிதவை மட்டத்தைப் பாருங்கள். வெயிலில் மெதுவாக ஏறும்போது நின்று, ஆறினால் ஓடினால் பெட்ரோல் பைப்பில் ஆவி அடைத்திருக்கிறது, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத் துணி சுற்றுங்கள். ஓடையில் இறங்கி நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடையுங்கள்.

என் சீட்டுக்கு அடியில் இப்போது இவை இருக்கின்றன: ஒரு மீட்டர் டீசல் ஹோஸ், ஒரு சாண் ஒளி ஊடுருவும் ஹோஸ், நான்கு கிளிப், செம்பு வாஷர் ஒரு பொட்டலம், ஒரு பில்டர், டெஸ்ட் லேம்ப், பியூஸ் வைத்த ஒயர், பழைய சைக்கிள் டியூப் துண்டு, ஒரு துணி சோப்பு. ஹோஸ் விரிசலில் சைக்கிள் டியூபை இறுகச் சுற்றிக் கட்டினால் கீழே இறங்கும் வரை தாங்கும். டேங்கில் கல் அடித்து டீசல் கசிந்தால் அந்த இடத்தில் துணி சோப்பை அழுத்தித் தேயுங்கள், டீசலில் அது கரையாது.

ஹோஸ் மாற்றிய பிறகு சேட்டன் உடனே காசு வாங்கவில்லை. அரை டேங்க் டீசலோடு, அதே மேட்டில், அதே முதல் கியரில் ஏற்றிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அந்த ஒளி ஊடுருவும் ஹோஸைக் கழற்றாமல் விட்டிருந்தார். மறுநாள் விடியற்காலை, எப்போதும் நிற்கும் வளைவில் வண்டியை வேண்டுமென்றே ஐந்து நிமிடம் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கல் முட்டுக் கொடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹோஸ் முழுக்க டீசல், ஒரு குமிழி இல்லை. மேலே போய்ச் சேர்ந்து திரும்பி வந்து 350 ரூபாய் கொடுத்தேன்.